பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை மாட்டுக்குப் போடலாமா?

பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போட்ட ஒரு அக்கா கேட்ட கேள்வி இது. கதிர் ஒடிக்கிற நேரத்தில் மூன்று நாள் விடாத மழை. களத்தில் குவித்த கதிர் தார்ப்பாய்க்குள்ளேயே வெந்து, மணியெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். வியாபாரி எட்டு மூட்டையைக் கழித்துவிட்டார். "வெயிலில் நன்றாகக் காயவைத்து, அரைத்து, கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றினால் ஒன்றும் செய்யாது என்றார்கள். ஒரு வாரமாக இரண்டு கறவை மாட்டுக்கும் கொடுத்தோம். கோழிக்கும் போட்டோம். இப்போது ஒரு மாடு தண்ணீர் காட்டினால் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. பாலும் ஒன்றரை லிட்டர் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள் அக்கா. காயவைத்தாலும் காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. மாட்டை டாக்டரிடம் காட்டும்போது என்ன தீவனம், எத்தனை நாளாகக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பால் குறைய மடிநோய், காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. அதையெல்லாம் அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் தீவனத்தைப் பற்றி நாம் வாய் திறக்காவிட்டால் அந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவே வழியில்லை. கால்நடைத் தீவன வேலையில் பல வருடம் இருந்தவன் நான். முதல் நாளே சொல்ல வேண்டிய இந்த விஷயத்தைப் பலர் நாலாம் நாள்தான் சொல்வார்கள்.

ஏன் போகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணம். மாட்டைக் கெடுப்பது, அந்தப் பூஞ்சணம் மணிக்குள் சுரந்து வைத்திருக்கும் நஞ்சு. இரண்டும் வேறு வேறு. வெயிலில் காய்ந்தால் பூஞ்சணம் வளர்வது நின்றுவிடும், பொடியாக உதிர்ந்தும் போகும். சுரந்த நஞ்சு மணியிலேயே இருக்கும். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் நாம் அதிகம் பயப்பட வேண்டியது அஃப்ளாடாக்ஸின். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பச்சைப் பூஞ்சணம் சுரப்பது. இருநூறு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால்தான் அது ஒழுங்காகச் சிதையும். கஞ்சி கொதிப்பது நூறு டிகிரியில். அதனால் காய்ச்சிய கஞ்சியும் காய்ச்சாத மாவும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அரைப்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. மணியாக இருக்கும்வரை கெட்டதைப் பார்த்துப் பொறுக்கி எறியலாம். மாவாகிவிட்டால் நல்லதும் கெட்டதும் கலந்துபோய்விடும்.

இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே ஒரு தீவன விபத்தில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்தன. என்ன நோய் என்று யாருக்கும் பிடிபடவில்லை. தேடித்தேடிப் பார்த்ததில், எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் இருந்த பூஞ்சணத்தின் பெயரிலிருந்துதான் அஃப்ளாடாக்ஸின் என்ற பெயரையே கட்டினார்கள். நம் நாட்டிலும் 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பழங்குடி மக்கள் மழையில் நனைந்து கெட்ட மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் வந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. உங்கள் களத்தில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது: அறுவடை நேரத்து மழை, காயாத கதிர், எறிய மனம் வராத ஏழ்மை. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் இந்த மாவில் கூழோ ரொட்டியோ கொடுக்காதீர்கள். நாயின் கல்லீரல் இந்த நஞ்சைத் தாங்காது.

"மாடு எதையும் செரிக்கும்" என்பது நம் பக்கத்தில் வேரோடிப்போன நம்பிக்கை. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது சாகாமல் இருக்கிறது. அசைபோடும் மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் சில பூஞ்சை நஞ்சுகளை உடைத்துப்போடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஓக்ராடாக்ஸின் என்ற நஞ்சைக் கோழியும் பன்றியும் தாங்காது, வளர்ந்த மாடு பெருமளவு தாங்கிவிடும். ஆனால் அஃப்ளாடாக்ஸினை அந்த நுண்ணுயிர்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை. அது குடல் வழியாக ரத்தத்துக்குப் போய், கல்லீரலுக்கு வருகிறது. கல்லீரல் அதை வெளியே தள்ளப் பார்க்கும்போது அதில் ஒரு பகுதி இன்னும் கொடியதாக மாறி, கல்லீரல் செல்களையே பிடித்துக்கொள்கிறது. இன்னொரு பகுதி உருமாறிப் பாலுக்குள் இறங்குகிறது.

வளர்ந்த மாடு இதனால் பட்டென்று விழுந்து செத்துப்போவது அரிது. அதனால்தான் ஏமாந்துபோகிறோம். தீனி குறையும், பால் குறையும், மயிர் சிலிர்த்து மங்கிப்போகும், சாணம் இளகும், சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும், சில நேரம் கன்று வீசும், அதாவது சினை கலைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் சொல்லலாம் என்பதால் தீவனத்தின்மேல் சந்தேகமே வராது. பெருவயிறு இன்னும் வளராத கன்றுக்குட்டிக்கு இது வெளிப்படையாகவே தெரியும். பல்லை நறநறவென்று கடிக்கும், வட்டமடிக்கும், முக்கி முக்கி ஆசனவாய் வெளியே தள்ளிவிடும். உங்கள் வீட்டில் கன்று இருந்தால் அந்தத் தாழிப் பக்கமே விடாதீர்கள்.

கோழி விஷயம் இன்னும் மோசம். வாத்துக்குஞ்சுதான் இதற்கு எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் பலியாகும். வான்கோழி அதற்கு அடுத்தது. நாட்டுக்கோழி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் தப்பாது. கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். செத்த கோழியை அறுத்துப் பார்த்தால் கல்லீரல் பெருத்து, மஞ்சள் தட்டி, விரலால் அழுத்தினால் உதிரும். தோலுக்கு அடியிலும் தொடையிலும் ரத்தம் கட்டியிருக்கும். நான் அதிகம் கவலைப்படுவது இன்னொன்றுக்காக. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத குறைந்த அளவிலும் இந்த நஞ்சு நோய் எதிர்ப்புச் சக்தியை உடைத்துவிடும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டும் கோழி சாகிறது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தீவனம் எங்கே, எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். ஊசி மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் தீவன மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, பால் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

மாடு தின்ற அஃப்ளாடாக்ஸின் ஒரு நாளைக்குள் பாலில் தெரிய ஆரம்பித்துவிடும். தின்றதில் ஏறக்குறைய நூற்றில் ஒன்று முதல் ஆறு பங்குவரை பாலுக்கு வரும். அதிகம் கறக்கும் மாட்டில் அதிகம் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மாடு தினம் நாலு கிலோ அடர்தீவனம் தின்கிறது, அந்தத் தீவனத்தில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 மைக்ரோகிராம். அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு பாலுக்கு வந்தால் 8. பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.8. நம் நாட்டில் பாலுக்கு அனுமதித்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். ஐரோப்பாவில் இன்னும் கடுமை, 0.05. அதே மாட்டுக்கு, கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தரக் கட்டுப்பாடு வைத்திருக்கும் 20 மைக்ரோகிராம் என்ற எல்லைக்குள் இருக்கும் தீவனத்தைப் போட்டால் இந்தக் கணக்கு 0.16-க்கு இறங்கிவிடும். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு 20 என்றால் ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் ஒரு சிறு பங்குதான். அவ்வளவு சின்ன அளவில் வேலை செய்யும் நஞ்சு இது.

பாலைக் காய்ச்சினாலும் இது போகாது, தயிராக உறையவிட்டாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்து, அடுத்த வருடம் முடிவை வெளியிட்டது. எல்லோரும் பாலில் தண்ணீர் கலக்கிறார்களா, யூரியா கலக்கிறார்களா என்றுதான் பேசினார்கள். ஆனால் கலப்படத்தைவிடப் பெரிய பிரச்சினையாக வந்து நின்றது இந்த அஃப்ளாடாக்ஸின். 368 மாதிரிகளில் எல்லையைத் தாண்டி இருந்தது. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 88, இங்கே எடுத்த 551 மாதிரிகளில். எண்ணிக்கையில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பாலில் யாரும் இதைக் கொண்டுபோய்க் கலக்கவில்லை. தீவனத் தாழியிலிருந்து வந்தது. "மனுஷனுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடலாம்" என்று தாழியில் கொட்டியது, மறுநாள் காலையில் பிள்ளையின் டம்ளருக்கு வந்துவிடுகிறது.

நிம்மதியான செய்தி ஒன்றும் உண்டு. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும். அதுவரைக்கும் அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நாலு நாள் பால் காசு போவது வலிக்கும், தெரியும். இதற்கு மாற்று மருந்து என்று ஒன்றும் இல்லை. நல்ல பசுந்தீவனம், கெடாத புண்ணாக்கு, கல்லீரலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து, அப்புறம் பொறுமை. மாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

"டாக்ஸின் பைண்டர் கலந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே" என்று அடுத்த கேள்வி வரும். தீவனக் கடையில் விற்கும் இந்தப் பொடி பெரும்பாலும் பெண்டோனைட் மாதிரியான களிமண் வகை, சிலவற்றில் ஈஸ்ட்டின் மேல்தோலும் சேர்ந்திருக்கும். அஃப்ளாடாக்ஸின் தட்டையான மூலக்கூறு என்பதால் களிமண்ணின் அடுக்குகளுக்கு இடையில் போய் ஒட்டிக்கொள்ளும், ரத்தத்தில் கலக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடும். நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஃபியூசேரியம் பூஞ்சணங்கள் சுரக்கும் நஞ்சுகளில் பலவற்றை அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மக்காச்சோளத்தில் அந்தப் பூஞ்சணமும் சகஜம். இளஞ்சிவப்பாக, வெள்ளைப் பஞ்சு போலக் கதிரில் படர்வது அதுதான். அது சுரக்கும் ஃபியூமோனிசின் குதிரையின் மூளையைக் கரைக்கும், பன்றியின் நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். 1995-ல் தக்காணத்துக் கிராமங்களில் மழையில் நனைந்த சோளத்தையும் மக்காச்சோளத்தையும் சாப்பிட்ட மக்களுக்கு வயிற்றுவலியும் பேதியும் வந்தது இதனால்தான். ஆகவே பைண்டர் என்பது நல்ல தீவனத்தில் தெரியாமல் இருக்கும் கொஞ்சநஞ்சத்துக்கான காப்பு. கண்ணுக்கே தெரியும் பூஞ்சண மூட்டையைத் தாழியில் கொட்ட அது அனுமதிச் சீட்டு ஆகாது.

புண்ணாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மதுரையைச் சுற்றி மாடு வளர்க்கும் வீட்டில் கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் இல்லாத நாள் இல்லை. இரண்டுமே இந்தப் பூஞ்சணத்துக்குப் பிடித்த இடம். செக்கில் ஆட்டும்போது கடலையில் இருக்கும் நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கோடுதான் தங்கும். சொத்தைக் கடலை, சுருங்கிய கடலை, உடைசல் எல்லாம் ஆட்டுவதற்குத்தான் போகிறது. நஞ்சு அதிகம் இருப்பதும் அவற்றில்தான். விளைச்சலின் கடைசி மாதத்தில் வறட்சி அடித்தால் கடலை மண்ணுக்குள் இருக்கும்போதே பூஞ்சணம் ஏறிவிடும். வாங்கும்போது உடைத்துப் பாருங்கள். நடுவில் சாம்பலோ பச்சையோ தெரிந்தால், மக்கல் வாடை அடித்தால் வேண்டாம். அப்புறம், புண்ணாக்கை ராத்திரியே ஊறவைத்து, அதே தாழியில் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கழுவாமல் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வைக்கோலும் சோளத்தட்டையும் தானியம் இல்லை என்றாலும் அதே கதைதான். மேலூர்ப் பக்கத்தில் முன்பெல்லாம் வைக்கோலை நன்றாக உலர்த்தி, உச்சியைச் சரித்து, மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி படப்பாக, அதாவது போராக அடுக்குவார்கள். அதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். இப்போது அறுத்த கையோடு மெஷின் உருளையாகச் சுருட்டிக் கட்டிவிடுகிறது. ஈரத்தோடு சுருட்டினால் மேலே பொன்னிறமாக இருக்கும், பிரித்தால் உள்ளே கறுப்பு. வடக்கே நெல் விளையும் பகுதிகளில், பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் குளிர்காலத்தில் வால் நுனியும் காது நுனியும் அழுகி உதிரும், குளம்பு கழன்றுவிடும். டெக்னாலா நோய் என்பார்கள். உருளையை வாங்கியதும் ஒன்றையாவது பிரித்து உள்ளே பார்த்துவிட்டு அடுக்குங்கள்.

கம்பு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிரில் தேன் மாதிரி ஒழுகி, பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக முளை கட்டும் தேன் ஒழுகல் நோயும் பூஞ்சணம்தான். அந்தக் கறுப்பு முளையைத் தின்றால் தலைசுற்றலும் வாந்தியும் வரும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்துக் கம்பைக் கொட்டினால் அந்த முளைகள் மிதக்கும். அரித்து எறிந்துவிட்டு, மணியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உலர்த்திக்கொள்ளலாம். மக்காச்சோளத்தில் இந்த வித்தை முழுசாகப் பலிக்காது, ஏனென்றால் நஞ்சு பார்ப்பதற்கு முழுசாக இருக்கும் மணிக்குள்ளும் இருக்கும்.

அடுத்த வெள்ளாமைக்குச் சொல்கிறேன். நம் ஊரில் புரட்டாசியில் விதைத்தால் கதிர் முற்றும்போது வடகிழக்குப் பருவமழையின் வால் இருக்கும், அப்புறம் மார்கழிப் பனி. மணியில் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு ஈரம் இருக்கும்போதே ஒடித்துவிடுகிறோம். அதை 13-க்குக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். இந்த இடைவெளி எத்தனை நாள் நீள்கிறதோ அத்தனை நாளும் பூஞ்சணத்துக்கு விருந்து. 2018-க்குப் பிறகு படைப்புழு வேறு வந்து சேர்ந்திருக்கிறது. புழு துளைத்த கதிருக்குள் பூஞ்சணம் நேராக நுழைந்துவிடும். அதனால் மெஷினில் உதிர்ப்பதற்கு முன்னாலேயே, தோகையை உரித்துப் புழு தின்ற கதிர், நுனி கறுத்த கதிர் எல்லாவற்றையும் தனியாக எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை வீட்டில் உட்கார்ந்து செய்துவிட்டால், பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் பிரிக்க முடியாத கெட்ட மணியை முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். ஈரக் கதிரை மெஷினில் விட்டால் மணி உடையும், உடைந்த மணியில் பூஞ்சணம் சுலபமாக ஏறும். பகலில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட்டு, பொழுது சாய்வதற்குள் குவித்து மூடி, காலையில் பனி விலகிய பிறகு திறக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி இல்லாவிட்டால், நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கை மணியும் கொஞ்சம் வறுத்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். பாட்டிலின் உள்பக்கத்தில் உப்பு ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் வெயில் காட்டுவது நல்லது. மூட்டையைச் சிமென்ட் தரையில் நேராகப் போடாமல் பலகைமேல் அடுக்கி, சுவரைவிட்டு ஒரு அடி தள்ளி வையுங்கள்.

இனி அந்த எட்டு மூட்டை. உண்மையில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேட்டால் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். ஆனால் ஒரு மூட்டையின் வாயிலிருந்து ஒரு பிடி அள்ளி அனுப்பாதீர்கள். நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு மணியில் கொட்டிக் கிடக்கும், பக்கத்து மணியில் துளியும் இருக்காது. எட்டு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு கிலோ துணிப்பையில் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் போகிற வழியிலேயே வியர்த்து இன்னும் கெடும்.

பார்த்தாலே பச்சையும் கறுப்புமாக இருக்கிறது என்றால் சோதனைக்குச் செலவு செய்யவே வேண்டாம். நல்ல மூட்டையோடு கலந்து ஒப்பேற்றவும் வேண்டாம், நல்லதும் கெட்டுவிடும். ஆடு கோழி கிண்டாதபடி குழி வெட்டி, சாணத்தோடு சேர்த்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கொட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பொடியை நீங்களும் மூச்சில் இழுக்கக் கூடாது. காலிச் சாக்கை உதறி மறுபடி தவிடு போட வைத்துக்கொள்ளாமல் கொளுத்திவிடுங்கள். தாழியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள்.